மச்சான் என்றால் நிறுத்த வேண்டும்

மார்ச் 5

பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி. வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் யார் கையில் கிடைக்கும் என்று தெரியும். அதனால் நீ துணி வாங்கித் தைத்துக் கொடுக்கிற தையல் கடைக்கு அனுப்புகிறேன். கடையைச் சொன்னது எங்கள் பழைய நடுவர். மேடையில் நான் எதிராளியின் முடியைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாரே, அவரேதான். இப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

எங்கள் பழைய மல்யுத்த நிகழ்ச்சி ‘மோதல் மேடை’யை மறுபடி போடுகிறார்கள், பார்த்தாயா? சனிக்கிழமை மதியம்தோறும். நான் வேலை பார்க்கிற கிடங்கின் சாப்பாட்டு அறையில் ஒரு டி.வி. உண்டு. நேற்று சுமை தூக்குகிறவர்கள் எல்லாரும் சோற்றை மறந்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எட்டிப் பார்த்தால் திரையில் நான். இடுப்பில் கறுப்புத் தோல், தலையில் கொம்பு, வாயில் நுரை. காட்டெருமை! அந்த நுரை பற்பசை என்று சொன்னேன், ஒருத்தன் நம்பவில்லை.

எதிரே உன் வீட்டுக்காரன் தங்கக்கை, வெள்ளை உடுப்பில், குழந்தைகள் பக்கம் மிட்டாயை வீசிக்கொண்டு வருகிறான். நான் பின்னாலிருந்து இரும்பு நாற்காலியால் முதுகில் போடுகிறேன். நாற்காலி வளைகிறது. அவன் நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கி வாய்க்குள் போகிறது. பிளேடுத் துண்டை மணிக்கட்டுப் பட்டைக்குள் வைத்திருப்போம். யாரும் பார்க்காத நேரம் நெற்றியில் ஒரு கோடு, மீதியை வியர்வை பார்த்துக்கொள்ளும். பிறகு அவன் தள்ளாடி எழுந்து அந்தத் தங்கக் கையை உயர்த்துவான், கூட்டம் கூரை பிய்ந்துபோகக் கத்தும், நான் உதை வாங்கி மல்லாந்து விழுவேன். பெரும்பாலும் இதே கதைதான். என்ன மாதிரி விழுந்திருக்கிறேன் தெரியுமா? எனக்கே பெருமையாக இருந்தது.

பெருமை இன்று காலை வரைதான். காய்கறிக் கடையில் ஓர் அம்மா என்னை உற்று உற்றுப் பார்த்தாள். “அந்தத் தங்கமான மனுஷனை இப்படியா அடிப்பே?” என்று பையாலேயே தலையில் போட்டாள். பைக்குள் பூசணிக்காய் இருந்தது.

டி.வி. நிலையத்திலிருந்து ஆள் வந்தான். கடைசிச் சண்டையைப் போடுகிற அன்று எங்கள் இருவரையும் அரங்கத்தில் கூட்டத்துக்கு நடுவே உட்காரவைத்து நேரடியாகக் காட்டப் போகிறார்களாம். யோசிக்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்தத் தங்கக்கை முகத்தில் விழிக்க எனக்கென்ன தலையெழுத்து.

இதெல்லாம் எழுதவா உட்கார்ந்தேன்? நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான். அந்தக் கடைசிச் சண்டைக்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதன் பிறகு அவன் உன்மேல் கை வைக்கவில்லையே?

அண்ணன்

—

மார்ச் 10

அண்ணா,

தைக்கிற துணி மூட்டைக்குள் வைத்துத் தையல்கார அக்கா உன் கடிதத்தைக் கொடுத்தார். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் படித்தேன். இத்தனை வருடம் கழித்து எழுதுகிறாய், அதில் முக்கால்வாசி உன் நாற்காலியும் உன் நுரையும்.

பார்க்கிறேன் அண்ணா, நன்றாகவே பார்க்கிறேன். இந்த வீட்டில் ஒரே கூடம். வாசலுக்கும் டி.வி.க்கும் நேராக அவர் நாற்காலி. நீ இடுப்பை உடைத்த பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. நொண்டி நடப்பதை ஊர் பார்க்கக் கூடாதாம். சனிக்கிழமை மதியமானால் தெருப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்குவார்கள். சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார், மடியில் தடி. தடியின் நுனியில் இரும்புப் பூண் போட்டிருக்கிறது.

அவர் அதிகம் அடிபடாமல் ஜெயிக்கிற வாரம் எனக்கு நல்ல வாரம். நீ அவரை ரத்தம் வர அடிக்கிற வாரம், பிள்ளைகள் போனதும் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். போன வாரம் நீ நாற்காலியால் அடித்தாயே, என் முதுகைப் பார்த்தால் எந்த இடத்தில் அடித்தாய் என்று நீயே சொல்லிவிடுவாய்.

உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா? நீ ஒரு நாள் அடித்துவிட்டுப் போனாய். மலச்சட்டி எடுத்தது யார்? கரண்டியால் கஞ்சி ஊட்டி அவர் துப்பினதை முகத்தில் வாங்கியது யார்? நீ கேட்டாயா?

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்தக் கடைசிச் சண்டை எந்தச் சனிக்கிழமை வருகிறது? மற்ற நாளெல்லாம் தாங்கிவிடுவேன். தான் தரையில் கிடந்து புழுவாய்த் துடிப்பதை அவர் டி.வி.யில் பார்க்கிற அன்று நான் இந்த வீட்டில் இருந்தால் உயிரோடு இருக்க மாட்டேன். தேதியை மட்டும் எழுது. நீ வராதே.

—

மார்ச் 15

பாப்பா,

உன் கடிதத்தைக் கிடங்கு வாசலில் நின்றபடி படித்தேன். முடித்ததும் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் ஒரு குத்து விட்டேன். பெட்டியும் உடைந்தது, விரல் முட்டியும் பெயர்ந்தது. கையெழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

ஏப்ரல் 8. அதுதான் தேதி. நான் அதற்கு முன்னால் வருகிறேன். மிச்சமிருக்கிற இடுப்பையும் எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. என்ன ஆனாலும் ஆகட்டும்.

அன்றைக்கு மேடையில் என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. உடை மாற்றும் அறைக்கு வெளியே நீ கையில் மாவுக்கட்டோடு நின்றாய். “குளியலறையில வழுக்கிட்டேன்ணா” என்றாய். வழுக்கி விழுந்தவள் கழுத்தில் ஐந்து விரல் எப்படிப் பதியும்? கொம்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

நான் தோற்பதாகத்தான் பேச்சு. முதல் குத்திலேயே அவன் பல் என் முட்டியில் ஏறி நின்றுவிட்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடப் பார்த்தான். கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்துக் கை தட்டியது. தூக்கி வெளியே சிமெண்டுத் தரையில் போட்டேன். இடுப்பில் ஏறி மிதித்தேன். உள்ளே முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

எங்களுக்குள் ஒரு வார்த்தை இருந்தது உனக்குத் தெரியும். நாங்கள் உறவுக்காரர்கள் என்று வெளியே தெரியக் கூடாது, ஒரே காரில்கூட வரக் கூடாது என்பது நிலையத்தின் கண்டிப்பு. உன் கல்யாணத்துக்கே நான் ஒட்டுத் தாடியோடு பந்தி பரிமாறுகிறவன் மாதிரி வந்தேனே. மேடையில் வாய் தவறியும் ‘மச்சான்’ என்று வந்துவிடக் கூடாது. வரவே கூடாத வார்த்தை என்பதால் அதையே அடையாளமாக வைத்துக்கொண்டோம். நிஜமாகவே அடிபட்டால் மச்சான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்தவன் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நாங்கள் அதை மீறியதில்லை.

அன்று அவன் வாயில் ரத்தக் கொப்புளத்தோடு “மச்சான்” என்றான். நான் குனிந்து, “மச்சான்ங்கிறதாலதான்டா அடிக்கிறேன்” என்றேன். மறுபடி மிதித்தேன்.

அதற்குப் பிறகு கூட்டம் என்னை என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். கார் எரிந்தது. சோடா பாட்டில் பட்டு ஒரு காது பாதி போனது. ஆனாலும் அன்று ராஜா மாதிரி தூங்கினேன் பாப்பா. என் தங்கச்சிக்கு அண்ணனாக ஒரு வேலை செய்துவிட்டேன் என்று. இப்போது கை துறுதுறுக்கிறது. இந்தத் தடவை பாதியில் விடமாட்டேன்.

அண்ணன்

—

மார்ச் 20

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். கதவுக்கு வெளியே மாவுக்கட்டோடு நிற்கிறேன், அவ்வளவுதான். பிறகு நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நானும் அவரை மச்சான் என்றுதான் ஆசையாகக் கூப்பிடுவேன். ஒரு நாள் என் தலையைச் சுவரில் மோதும்போது, அடி தாங்காமல் “மச்சான்” என்று கத்திவிட்டேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது, அண்ணா. பழக்கம். முடியைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். அவர் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “அது உங்க அண்ணனுக்குச் சொன்னது. உனக்கில்ல” என்றார். அதன்பிறகு அடித்ததில்தான் நீ மாவுக்கட்டோடு பார்த்த கை முறிந்தது.

சம்பளம் வாங்கிக்கொண்டு அடித்துக்கொள்கிற உங்கள் இருவருக்கும் நிறுத்துவதற்கு ஒரு வார்த்தை இருந்தது. சமைத்துப் போட்டுத் துணி துவைக்கிற எனக்கு ஒன்றும் இல்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சின்ன வயதில் பழைய மெத்தையில் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பழகினாய். தாடையை நெஞ்சோடு சேர், உள்ளங்கையால் தரையை ஓங்கி அறை, சத்தம் பெரிதாக வரும், அடி குறையும் என்று சொல்லிக்கொடுத்தாய். உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த சீதனம் அதுதான். இத்தனை வருடமும் அப்படித்தான் விழுந்தேன். சத்தம் பெரிதாக வந்தால் அவருக்குத் திருப்தி, சீக்கிரம் விட்டுவிடுவார். பக்கத்து வீட்டில் கேட்டால் பயிற்சி எடுக்கிறேன் என்பார்.

நீ ராஜா மாதிரி தூங்கினாய். அவர் தடி ஊன்றி நடக்க ஆரம்பித்த அன்று என்ன செய்தார் தெரியுமா? உன் ஒவ்வோர் அடியையும் நினைவு வைத்திருந்தார். “இது உங்கண்ணன் வாயில குத்தினதுக்கு. இது வயித்துக்கு. இது இடுப்புக்கு” என்று பெயர் சொல்லிச் சொல்லி எனக்குத் திருப்பிக் கொடுத்தார். நீ மேடையில் எவ்வளவு வீரமாக அடித்தாயோ அவ்வளவும் என் உடம்பில் இருக்கிறது.

ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். போனேன். கட்டிய புடவையோடு பேருந்து நிலையம் வரை போனேன். சீட்டுக் கொடுக்கிறவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் தங்கக்கையின் ரசிகர். எனக்கு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குத் தகவல் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நாலு பேர் கார் கொண்டுவந்து, “தலைவர் தேடுறாரும்மா” என்று மரியாதையாகக் கூட்டிப்போய் இவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அவரோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறது. நான் எங்கே ஓடுவேன்?

இப்போது நீ வந்து இன்னோர் இடுப்பை உடைப்பாய். உன்னைக் கொண்டுபோய் உள்ளே வைப்பார்கள். நான் மறுபடி மலச்சட்டி எடுப்பேன். அவர் மறுபடி எழுந்து நடப்பார்.

அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, உனக்கு என்ன வேண்டும் என்று நீ என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

—

மார்ச் 25

பாப்பா,

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் கோபம், ஒன்றில் அழுகை, மற்ற இரண்டிலும் என் பெருமை. எதுவும் உனக்குப் பிரயோஜனமில்லை.

நான் அடிக்கத் தெரிந்தவன், விழத் தெரிந்தவன். வேறு ஒன்றும் தெரியாது. இனி என் இஷ்டத்துக்கு எதுவும் செய்யமாட்டேன்.

உனக்கு என்ன வேண்டும்?

அண்ணன்

—

மார்ச் 30

அண்ணா,

அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் குளியலறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வீணாகிறது என்று அவர் கத்தினார்.

சொல்கிறேன், கேட்டுக்கொள். நிலையத்துக்காரர்களிடம் வருகிறேன் என்று சொல். எட்டாம் தேதி அரங்கத்துக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்.

நேற்று இங்கேயும் வந்தார்கள். நொண்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அனுப்பிவிட்டார். நீ ஒரு நிபந்தனை போட வேண்டும். ஊர் முன்னால் தங்கக்கை தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளட்டும், காட்டெருமை கை ஓங்கமாட்டான் என்று எழுதிக் கொடு. அதற்கு மயங்கி வருவார். வேறு எதற்கும் இந்த வாசலைத் தாண்டமாட்டார். அந்தக் காட்சியைத் தனியாகப் பார்ப்பதைவிட, அது ஓடும்போதே உன்னை அடிப்பது அவருக்குச் சொர்க்கம்.

அவர் கார் ஏறியதும் நான் கிளம்புவேன். அன்று தெரு முழுக்க டி.வி. முன்னால் இருக்கும். சீட்டுக் கொடுக்கிறவரும்தான். யாராவது பார்த்தாலும் வீட்டில் தகவல் கேட்க ஆள் இருக்காது. பக்கத்து ஊருக்குப் போய் வேறு வண்டி மாற எனக்கு நேரம் வேண்டும். நீ அவரை அங்கேயே பிடித்து வைத்துக்கொள். சண்டையை எப்படி இழுத்தடிப்பது என்று உனக்குத் தெரியும், அதுதானே உன் தொழில்.

அவர் அடிப்பார். நிஜமாகவே அடிப்பார். தடியை எடுத்துக்கொண்டுதான் வருவார். நீ ஓர் அடிகூடத் திருப்பி அடிக்கக் கூடாது. திருப்பி அடித்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னைப் பற்றி என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதே.

நான் கேட்பது பெரிய உதவிதான். முடியாது என்றால் இப்போதே எழுதிவிடு, நான் வருத்தப்படமாட்டேன்.

—

ஏப்ரல் 9

பாப்பா,

இது உன் கைக்கு வருமா என்று தெரியாது. தையல்கார அக்காவிடமே அனுப்புகிறேன். நீ போய்விட்டாயா, இல்லை அந்த வீட்டிலேயே கிடக்கிறாயா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

அரங்கத்தில் ஊசி போட இடமில்லை. அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்று பார்த்தால், எழுந்து நடந்தே வந்தான். கூட்டம் எழுந்து நின்று அழுதது. என்னைப் பார்த்து ஊளையிட்டது. கடைசிச் சண்டையைத் திரையில் போட்டார்கள். அவன் பார்க்கவே இல்லை, என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். தன் இடுப்பு உடைகிற இடம் வந்தபோது எழுந்தான்.

முதல் அடி தோளில். நான் நாற்காலியோடு சாய்ந்தேன். தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே கை தட்டினார், எல்லாம் பேசிவைத்தது என்று நினைத்துக்கொண்டு. இரண்டாவது அடி விலாவில். அதன்பின் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுத்தப் போனார். நான் தரையில் கிடந்தபடியே, நடக்கட்டும் என்று கை காட்டினேன். என்னால் முடிந்தவரை நேரத்தை இழுத்தேன். நாலு காலில் எழுவேன், கூட்டம் “மறுபடி, மறுபடி” என்னும், அவன் அடிப்பான், நான் சுருண்டு விழுவேன். ஓய்வெடுக்கட்டும் என்று அவன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அதிலேயே கொஞ்ச நேரம் ஓடியது. கூட்டத்துக்குப் பரம சந்தோஷம். பிறகு மறுபடி எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

பூண் பட்டு நெற்றி பிளந்தது. கண்ணை ரத்தம் மறைத்தது. இந்தத் தடவை பிளேடு தேவைப்படவில்லை. இரண்டு விலா எலும்பு, மூக்கு, ஒரு கை விரல், இதெல்லாம் போனதாக மருத்துவர் சொல்கிறார். அதெல்லாம் ஒன்றுமில்லை. ஓர் இடத்தில்தான் தடுமாறிவிட்டேன்.

அவன் குனிந்து என் பாதிக் காதில், “வீட்டுக்குப் போய் மிச்சத்த உன் தங்கச்சிகிட்ட வச்சுக்கிறேன்” என்றான். தடி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவன் கழுத்தும் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. என் கை எழுந்துவிட்டது பாப்பா. அரங்கமே மூச்சை இழுத்தது. நீ எழுதியது நினைவுக்கு வந்தது. கையைக் கீழே போட்டுவிட்டு, “இன்னும் அடி” என்றேன்.

அடித்தான். களைத்துப்போய் அவனே உட்காரும்வரை அடித்தான். முடிந்தபோது வெளியே பொழுது சாய்ந்துவிட்டது. நீ கேட்ட நேரம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கிடைத்ததா?

அண்ணன்

—

ஏப்ரல் 17

அண்ணா,

கிடைத்தது.

உன் கடிதத்தைத் தையல்கார அக்கா வேறோர் உறையில் போட்டு அனுப்பிவைத்தார். அவன் பூட்டின வீட்டு வாசலில் வெகுநேரம் என் பெயரைச் சொல்லிக் கத்தினானாம். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்களாம். கடைக்கும் ஆள் அனுப்பினான், அக்கா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். இப்போது சோறு போட ஆளில்லாமல் ரசிகர்கள் வீடு வீடாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறார்களாம். போகட்டும்.

நான் இருக்கிற ஊரை இப்போது எழுதவில்லை. ஓர் அறை பார்த்திருக்கிறேன், ஒரு தையல் மெஷின் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கூப்பிடும்போது வா. அதற்கு முன்னால் வராதே. விலா கூடும்வரை பாரம் தூக்காதே, கிடங்கில் விடுப்புக் கேள், கொடுக்காவிட்டால் அந்த நெற்றியைக் காட்டு.

ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் வண்டி மாறக் காத்திருந்தபோது, பேருந்து நிலையத்து டீக்கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் கடையே கை தட்டியது. நீ கை ஓங்கினபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். வேண்டாம் அண்ணா, வேண்டாம் அண்ணா என்று உதட்டுக்குள் சொன்னேன். நீ கையைக் கீழே போட்டாய்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கை தட்டினேன். எல்லாரும் நிறுத்தின பிறகும் தட்டிக்கொண்டே இருந்தேன், உள்ளங்கை சிவக்கிற வரைக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “உங்களுக்கும் தங்கக்கைய அவ்வளவு பிடிக்குமா?” என்றாள்.

“இல்லம்மா. கீழ விழுந்து கிடக்கிறாரே, அவரு எங்கண்ணன்” என்றேன்.